கல் பார்க்க வந்த துரை

துளை போட்டு எடுத்த கல் அம்மிக்குக் குழவியாக அப்படியே பொருந்தும் என்று முதலில் கண்டுபிடித்தவள் காளியாயி.

நோர்வூட் பக்கம், தேயிலைத் தோட்டத்தின் கீழ்ப் பிரிவான கீழ்க்கணக்கை ஒட்டி ஒரு ஆறு ஓடுகிறது. அதில் அணை கட்டி மின்சாரம் எடுக்க முடியுமா என்று பார்க்க வெளிநாட்டுக்காரர்கள் வந்து, மெஷின் வைத்துப் பாறையைத் துளைத்தார்கள். துளைக்குள்ளிருந்து உருளை உருளையாகக் கல் வந்தது. கைக்கு அடக்கமான பருமன், கடைந்து எடுத்த வழவழப்பு. ஆற்றங்கரையில் விறகு பொறுக்கப் போன காளியாயி உடைந்து கிடந்த துண்டு ஒன்றை எடுத்துப் புரட்டிப் பார்த்தாள்.

"அடி ஆத்தே! கல்தச்சன் கூலி வாங்காமச் செஞ்சு குடுத்தாப்ல இருக்கே" என்று மடியில் கட்டிக்கொண்டு, தோட்டத்து ஆட்கள் வரிசையாகக் குடியிருக்கும் லயத்துக்கு வந்துவிட்டாள். மறுநாள் பீலிக்கரையில் தண்ணீர் பிடிக்க நின்ற பெண்கள் எல்லாரும் அவள் வீட்டுச் சம்பலைப் பற்றித்தான் பேசினார்கள். மிளகாய் வெண்ணெய் மாதிரி அரைபடுகிறதாம்.

துளைத்தவர்களை லயத்தில் எல்லாரும் ரஷ்யாக்காரர்கள் என்றே சொன்னார்கள். அவர்கள் ரஷ்யாவுக்குப் பக்கத்தில் வேறொரு தேசம் என்று, கேம்ப் ஜீப் ஓட்டிய லோரன்ஸ் பல தரம் சொல்லிப் பார்த்தான். யாரும் காதில் வாங்கவில்லை. அவர்கள் அரசாங்கத்திடம் காசு வாங்காமல் பாறையைப் பார்த்துக் கொடுக்க வந்தவர்கள். அரசாங்கம் கேட்டால் அணையையும் கட்டிக் கொடுப்பார்கள் என்று பேச்சு. கீழ்க்கணக்கில் தேயிலைச் செடியைக் கவ்வாத்து வெட்டிக்கொண்டிருந்த ஆண்டியப்பன் அந்தப் பேச்சை நம்பித்தான் கத்தியைக் கீழே வைத்துவிட்டு அவர்களிடம் வேலைக்குச் சேர்ந்தான். தோட்டத்தில் அவன் பேரை வெட்டிவிட்டார்கள்.

வேலை முடிந்து வெளிநாட்டுக்காரர்கள் மெஷினை லொறியில் ஏற்றிக்கொண்டு போனார்கள். எடுத்த கல்லையெல்லாம் மரப்பெட்டிகளில் வரிசையாக அடுக்கி, ஆற்றங்கரையில் ஒரு தகரக் கொட்டகைக்குள் வைத்திருந்தார்கள். அரசாங்க இன்ஜினியர் விஜேரத்ன மாத்தயா கொட்டகைச் சாவியை ஆண்டியப்பன் கையில் கொடுத்தார்.

"இதைப் பார்த்துக்கோ. அணை வேலை துவங்கினா நீதான் இங்க காவல்காரன். கேம்ப்ல வீடு தருவோம்" என்றார். அவர் நல்ல மனிதர். சொன்னால் செய்வார் என்று ஆண்டியப்பனுக்குத் தோன்றியது.

அந்த வீடு அவனுக்கு வேண்டியிருந்தது. காரணம், அவன் மனைவி அம்மாக்கண்ணு. அவள் பேர் தோட்டத்தில் பதிந்திருந்ததால்தான் லயத்துக் காம்பரா, அந்த ஒற்றை அறை, அவர்களுக்கு இருந்தது. போன மழைக்குக் கூடையோடு மலையில் சறுக்கி விழுந்து இடுப்பு எலும்பு விட்டுப்போய்விட்டது. அவளால் இனி மலை ஏற முடியாது. தோட்டத்துக் கணக்கப்பிள்ளை வாசலில் நின்று, "ரெண்டு பேருல ஒருத்தரும் வேலைக்கு வராத காம்பராவை எத்தனை நாளைக்குத் தொரை கண்ணுல படாம மறைக்கிறது? ஒன் கவர்மெண்டு வேலை உறுதியாகட்டும்னு பார்க்குறேன். இல்லைன்னா காலி பண்ணிடணும், ஆமா" என்று சொல்லிவிட்டுப் போனார். அணை வந்தால் கூரை உண்டு. வராவிட்டால் இல்லை. கணக்கு அவ்வளவுதான்.

அணை வரவில்லை. மழை வந்தது, போனது, மறுபடியும் வந்தது. கொட்டகையைத் திறந்து பார்க்க ஒரு ஆள் வரவில்லை. மரப்பெட்டிகளின் அடிப்பலகை உளுத்துக் கல்லெல்லாம் தரையில் உருண்டது. அம்மாக்கண்ணு படுக்கையில் கிடந்த நாட்களில் காளியாயிதான் கஞ்சி கொண்டுவந்து ஊட்டினாள். மற்றப் பெண்கள் முறை வைத்துப் பீலித் தண்ணீர் கொண்டுவந்து ஊற்றினார்கள். அவர்களுக்கெல்லாம் கொடுக்க ஆண்டியப்பனிடம் வேறு என்ன இருந்தது?

"அண்ணே, எனக்கும் ஒண்ணு பார்த்து எடுங்கண்ணே, பிளவு இல்லாததா" என்று ஒருத்தி வந்தாள். அடுத்த நாள் இன்னொருத்தி. இந்தக் கல் துரைமாருக்கு இனி எதற்கு என்று அவனும் எடுத்துக் கொடுத்தான். காளியாயிக்கு இருப்பதிலேயே நீளமானதைக் கொடுத்தான். பிறகு மஸ்கெலியாவிலிருந்து அம்மி கொத்துகிறவன் ஒருவன் வந்தபோது, லயம் முழுக்க அவனை நிறுத்தி வைத்து, வழுக்காமல் பிடிப்பதற்காக அந்தக் கல்லிலெல்லாம் பொடிப்பொடியாகக் கொத்து போட்டுக்கொண்டார்கள். கல்லின் மேல் வெளிநாட்டுக்காரர்கள் பெயின்ட்டால் எழுதியிருந்த எழுத்தைப் பெண்கள் சாம்பல் போட்டுத் தேய்த்தே எடுத்துவிட்டார்கள்.

இப்படி இருக்கையில் ஒரு நாள் காலை லோரன்ஸ் ஜீப்பைக் கொட்டகை வாசலில் கொண்டுவந்து நிறுத்தினான்.

"மச்சான், சட்டையை வெளுத்துப் போட்டு வையி. வங்கிக்காரங்க வர்றாங்க."

"எந்த வங்கி?"

"நம்ம ஹட்டன் வங்கி இல்லடா. வெள்ளைக்காரத் தேசமெல்லாம் சேர்ந்து நடத்துற வங்கி. நாடு நாடாக் கடன் குடுக்குறவன். அணைக்குக் கடன் குடுக்கலாமான்னு பார்க்க வர்றான்."

"இத்தனை வருசமா எங்க போயிருந்தாங்க?"

லோரன்ஸ் ஒரு பீடியைப் பற்றவைத்துக்கொண்டு சிரித்தான். "ஒன் தங்கச்சியைப் பொண்ணு பார்த்துட்டு ஒருத்தன் வருசக் கணக்கா பதில் சொல்லாம இழுத்தடிக்கிறான்னு வையி. ஜாதகம் பார்க்கணும்பான், மாமன்கிட்டக் கேக்கணும்பான். திடீர்னு வேற ஒருத்தன் அதே பொண்ணைக் கேட்டு வாசல்ல வந்து நிக்கிறான். அப்ப மொத ஆளு என்ன பண்ணுவான்? தாம்பாளத்தோட ஓடி வருவான்ல? அதான் இது. கொழும்புல இன்ஜினியர் மாத்தயா வங்கிக்காரன்கிட்டச் சொல்லியிருக்காரு, நீ குடுக்காட்டி துளை போட்டுட்டுப் போன அந்தப் பக்கத்துக்காரன் குடுக்கக் காத்துக்கிட்டிருக்கான்னு. ஒடனே பொட்டியைக் கட்டிட்டான்."

"அப்ப அணை வந்துருமா?"

"வரும்ங்கிறாங்க. கல்லைப் பார்க்கணுமாம். துளை போட்ட கல்லெல்லாம் ஒழுங்கா அடுக்கி இருக்கணும்னு மாத்தயா சொல்லச் சொன்னாரு. வெள்ளிக்கிழமை."

ஆண்டியப்பன் கொட்டகைக் கதவை மறைத்துக்கொண்டு நின்றான். லோரன்ஸ் அவனைத் தாண்டி உள்ளே எட்டிப் பார்த்தான். பீடி வாயில் அப்படியே நின்றது.

"அடப்பாவி. எங்கடா கல்லு?"

"லயத்துல" என்றான் ஆண்டியப்பன்.

சாயங்காலம் பெண்கள் மலையிலிருந்து இறங்கியதும் சாக்குப்பையோடு வீடு வீடாகப் போனான். முதலில் தன் வீட்டுக் கல்லை எடுத்தான். அம்மாக்கண்ணு அப்போதுதான் அதில் மஞ்சள் அரைத்துக்கொண்டிருந்தாள். முந்தானையால் துடைத்து அவன் கையில் கொடுத்துவிட்டு, அம்மியில் மிச்சமிருந்ததைக் கையால் வழித்தாள்.

காளியாயி வாசலை மறித்துக்கொண்டு நின்றாள்.

"குடுத்ததைத் திருப்பிக் கேக்க வந்திருக்கியே, வெக்கமா இல்லை? கொத்துனவனுக்கு நான் அரை நாள் சம்பளம் அழுதிருக்கேன்."

"காளியாயி, வேலை போயிரும்."

"ஒனக்கு வேலை போகும். எனக்குச் சம்பலு போகும். பழைய குழவியைத்தான் அன்னைக்கே தூக்கிச் சாக்கடைக் கானுல போட்டேனே, இப்ப எதை வச்சு அரைக்கிறதாம்? ஒன் மண்டையை வச்சா?"

பக்கத்து வாசல்களில் நின்றவர்கள் சிரித்தார்கள். ஆண்டியப்பன் சிரிக்கவில்லை.

"அணை கட்டுனதும் வேற கல்லு வாங்கித் தர்றேன்."

"ஆமா, அணை கட்டி, அதுல நீ படகு விட்டு, அதுல ஏத்திக் கொண்டாந்து தருவே." உள்ளே போனாள். கல்லை எடுத்து வந்து அவன் கையில் தராமல் அவன் காலடியில் போட்டாள். கொஞ்சம் தவறியிருந்தால் விரல் நசுங்கியிருக்கும். "அம்மாக்கண்ணு மூஞ்சிக்காக. இனிமே இந்த வாசல்ல கால் வைக்காதே, சொல்லிட்டேன்."

சிலர் கொடுத்தார்கள். சிலர் இல்லவே இல்லை என்றார்கள். அடுப்புக்குப் பின்னால் கல்லின் முனை தெரிந்தது, அவன் பார்க்காத மாதிரி வந்துவிட்டான். ஒரு கல் கல்யாணச் சீரோடு பூண்டுலோயாவுக்குப் போய்விட்டதாம். பாதிக்குக் கொஞ்சம் மேல் சேர்ந்தது. அடுத்த நாள் ஆற்றங்கரையில் உட்கார்ந்து புளியும் சாம்பலும் போட்டுத் தேய்த்தான். மிளகாய்ச் சிவப்பு போனது. மஞ்சள் கறை போகவே இல்லை. கொத்துப் போட்ட பள்ளங்களைக் களிமண் வைத்துப் பூசினான். எந்தத் துளையில் எந்தக் கல், எது மேலே எது கீழே என்று அவனுக்கு ஞாபகம் இல்லை. பார்வைக்கு நன்றாக இருக்கட்டும் என்று நீளமானதை ஒரு பக்கமும் குட்டையானதை ஒரு பக்கமுமாகப் புதுப் பலகையில் அடுக்கினான். யாராவது கேட்டால் என்ன சொல்வது என்று யோசித்தான். பிறகு அதையும் விட்டுவிட்டான்.

வெள்ளிக்கிழமை தூறல். வங்கித் துரைகள் இரண்டு பேர் வந்தார்கள். ஒருவர் வாலிபம், அவர் இன்ஜினியர் மாத்தயாவோடு அணை வரும் இடத்தைப் பார்க்க ஆற்றோரமாகவே நடந்து போய்விட்டார். மூத்தவரின் காலில் அதற்குள் அட்டை ஏறிவிட்டது. கால்சட்டையை முட்டிவரை சுருட்டிக்கொண்டு, முகத்தைச் சுளித்தபடி கொட்டகை வாசலில் இருந்த பெட்டியின் மேல் உட்கார்ந்துவிட்டார். ஆண்டியப்பன் ஓடிப்போய் அம்மாக்கண்ணுவின் வெற்றிலைச் சுண்ணாம்பைக் கொண்டுவந்து ஒவ்வோர் அட்டையாகத் தொட்டு விழவைத்தான். துரையின் முகம் தெளிந்தது. அவர் லோரன்ஸிடம் ஏதோ சொன்னார்.

"நல்ல மனுசன்னு சொல்றாருடா ஒன்னை" என்றான் லோரன்ஸ்.

துரைக்குப் பின்னால் கதவு திறந்துதான் இருந்தது. உள்ளே அத்தனை கல்லும் வரிசையாக இருந்தன. துரை திரும்பி ஒரு தரம் பார்த்தார். எழுந்து போகவில்லை. கைக்கு எட்டிய ஒரு கல்லை எடுத்துப் புரட்டினார், மஞ்சளாக இருந்த பக்கத்தைப் பார்த்தார், வைத்துவிட்டார்.

பிறகு துரை கைக்குட்டையால் காலைத் துடைத்துக்கொண்டே, ஊர் விஷயம் கேட்கிற மாதிரி ஏதோ கேட்டார். லோரன்ஸ் தமிழில் சொன்னான்: "துளை போட்ட ஆளுங்க இங்கருந்து போனதுக்கு அப்புறம் திரும்ப வந்தாங்களான்னு கேக்குறாரு. சமீபத்துல யாராச்சும் வந்து பார்த்தாங்களாம்?"

வந்திருந்தார்கள். போன மாதம்தான், லோரன்ஸ் லீவு போட்டுவிட்டுத் தங்கச்சி வீட்டுக்குப் போயிருந்த சமயம். வேறு டிரைவர் ஓட்டிய ஜீப்பில், முன்பு மெஷினுக்கு மேலாளாக இருந்த தடித்த துரை, இன்ஜினியர் மாத்தயாவோடு வந்தார். ஆறு நெடுக நடந்து படம் பிடித்தார். கொட்டகையைத் திறக்கச் சொல்லவில்லை. ஆண்டியப்பனின் தோளில் தட்டி, விரலை வட்டமாகச் சுற்றிக் காட்டி, மறுபடி வருவோம் என்று சைகை செய்துவிட்டுப் போனார்.

ஆனால் ஆண்டியப்பன் லயத்தில் பிறந்தவன். வெளியாள் யாரும் லயத்துக்குள் வந்தார்களா என்று தோட்டத்துத் துரை கேட்டால் சொல்ல வேண்டிய பதில் ஒன்றே ஒன்று. தொழிற்சங்கத்துக்காரர்கள் வந்து கூட்டம் போட்டுவிட்டுப் போன மறுநாள், காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்களத்தில் துரை கேட்பார். அவன் அப்பன் அதைத்தான் சொன்னான், அவன் ஆத்தா அதைத்தான் சொன்னாள். வந்தார்கள் என்று சொன்னவன் வீட்டில் அடுப்பு எரிந்ததில்லை. கேள்வி காதில் விழுந்ததுமே, யோசனைக்கு முன்னால் அவன் தலையிலிருந்து துண்டு இறங்கிவிட்டது.

"யாரும் வரலைங்க தொரை."

"ஒருத்தர்கூடவா?"

"ஒரு குருவிகூட வரலைங்க தொரை. போனவங்க போனவங்கதான்."

லோரன்ஸ் அதை இங்கிலீஷில் சொன்னான். துரை மெதுவாகத் தலையாட்டினார். ஆண்டியப்பனைப் பார்த்துப் புன்னகை செய்தார். சட்டைப் பையிலிருந்து ஒரு சிகரெட்டை எடுத்து அவனுக்குக் கொடுத்தார். அப்புறம் ஒன்றும் கேட்கவில்லை. ஆற்றுப் பக்கம் போனவர்கள் திரும்பி வந்ததும், மழை வலுக்கிறது என்று ஜீப்பில் ஏறினார்கள். இன்ஜினியர் மாத்தயா கொட்டகைக்குள் கல்லைக் காட்டக் கை நீட்டினார். மூத்த துரை, போதும் என்கிற மாதிரி கையசைத்தார்.

கல் தப்பித்தது என்று ஆண்டியப்பன் சந்தோஷப்பட்டான். அன்று வீட்டுக்குப் போய், "எல்லாம் நல்லபடியா முடிஞ்சுது" என்றான். அம்மாக்கண்ணு சரி என்றாள். அன்றும் மறுநாளும் பீலித் தண்ணீர் யாரும் கொண்டுவந்து ஊற்றவில்லை. வாளியை எடுத்துக்கொண்டு அவனே போனான். பீலிக்கரையில் அவன் வந்ததும் பேச்சு நின்றது.

லோரன்ஸ் அதற்குப் பிறகு வந்தது, மழைக்காலம் முடிந்து பனி விழ ஆரம்பித்த சமயம். இந்த முறை ஜீப் இல்லை. பஸ்ஸில் வந்து இறங்கி நடந்து வந்தான்.

"போன மாசம் அந்தத் தடியன் இங்க வந்தானா?"

"எந்த மாசம்?"

"வங்கிக்காரன் வர்றதுக்கு முந்தின மாசம்டா."

"வந்தாரு. படம் பிடிச்சாரு."

லோரன்ஸ் கல்லடுக்கின் பக்கத்தில் உட்கார்ந்தான். "அன்னைக்கு ஏன்டா வரலைன்னு சொன்னே?"

"தொரை கேட்டாரு. வரலைன்னேன்."

லோரன்ஸ் கோபமில்லாமல் விஷயத்தைச் சொன்னான். கொழும்பில் பெரிய கூட்டம் நடந்ததாம். எதிர்ப் பக்கத்துக்காரர்கள் போன மாதம்கூட வந்து பார்த்துவிட்டுப் போனார்கள், அணைக்கு அவர்கள் இன்னும் தயார் என்று இன்ஜினியர் மாத்தயா சொல்லியிருக்கிறார். மூத்த துரை சிரித்துக்கொண்டே, உங்கள் காவல்காரன் ஒரு குருவிகூட வரவில்லை என்கிறானே என்றாராம். அதற்குப் பிறகு மாத்தயா எவ்வளவு சொல்லியும் யாரும் நம்பவில்லையாம். எதிர் ஆள் வாசலில் இல்லை என்று ஆனபிறகு வங்கிக்கு என்ன அவசரம்? இன்னும் நன்றாக ஆராய்ந்து, சில வருஷம் கழித்துப் பார்க்கலாம் என்று எழுதிவிட்டார்கள். மாத்தயாவை வேறு மாவட்டத்துக்கு மாற்றிவிட்டார்கள்.

"அப்ப அந்த ரஷ்யாக்காரங்க?"

"ரஷ்யாக்காரங்க இல்லைன்னு எத்தனை தடவைடா சொல்றது" என்றான் லோரன்ஸ், பழக்கதோஷத்தில். "வங்கியே கையை விரிச்ச எடத்துல நாம எதுக்குன்னு அவங்களும் விட்டுட்டாங்க. எங்கேயோ ஃபாக்டரி கட்டப் போயிட்டாங்களாம். இவன் குடுப்பான்னு அவன் வந்தான், அவன் குடுப்பான்னு இவன் வந்தான். ஒருத்தன் போனதும் ரெண்டு பேரும் இல்லை."

"கல்லைப் பத்தி ஒண்ணும் கேக்கலையா?"

"கல்லைப் பத்தி எவன்டா கேட்டான்?"

ஆண்டியப்பன் தலையாட்டினான். தான் அழவேண்டும் என்றோ, தலையில் அடித்துக்கொள்ள வேண்டும் என்றோ அவனுக்குத் தோன்றவில்லை. லோரன்ஸின் செருப்பில் ஒட்டியிருந்த சேற்றைப் பார்த்துக்கொண்டிருந்தான். "தேத்தண்ணி குடிக்கிறியா?" என்று கேட்டான். லோரன்ஸ் வேண்டாம் என்றான். கடைசி பஸ் போய்விடும்.

கொட்டகைச் சாவியை லோரன்ஸ் வாங்கிக்கொண்டு போய்விட்டான்; காவல் வேலையும் அதோடு போனது. ஆண்டியப்பன் மறுநாள் பெரட்டுக்குப் போய், கணக்கப்பிள்ளை முன்னால் நின்றான். கவ்வாத்து வேலைக்குத் திரும்பப் பேர் பதியுங்கள் என்றான்.

"இத்தனை வருசம் கழிச்சு இப்ப வந்து நின்னா? ஆளு நெறைஞ்சு போச்சு, ஆண்டியப்பா. தொரையும் புதுத் தொரை." கணக்கப்பிள்ளை குரலை இறக்கினார். "காம்பராவைக் கேட்டு மேற்கணக்குலருந்து ஒரு ஜோடி வந்திருக்கு. ரெண்டும் வேலை செய்யுற ஆளுங்க. நீங்க அம்மாக்கண்ணு அண்ணன் வீட்டுக்கு மஸ்கெலியாவுக்குப் போறதா இருந்தா, இந்தக் கிழமைக்குள்ள போயிடுறது நல்லது. நான் நல்லதுக்குத்தான் சொல்றேன்."

"சரிங்க" என்றான்.

அவன் அதை வீட்டில் சொன்னபோது அம்மாக்கண்ணு, "அண்ணன் வீட்டுல எங்கே படுக்கிறது?" என்று மட்டும் கேட்டாள். சாமான் அதிகம் இல்லை. பாத்திரங்களைக் கம்பளியில் கட்டினார்கள்.

ஞாயிற்றுக்கிழமை பகல், அவர்கள் ரொட்டி சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போதே அந்தப் புது ஜோடி வாசலில் வந்து நின்றது. பையன் இருபது வயசுக்காரன்; சுவரைத் தட்டிப் பார்த்துக்கொண்டு உள்ளே வந்தான். அந்தப் பெண்ணுக்குச் சங்கடமாக இருந்தது, வாசலிலேயே நின்றாள். ஆண்டியப்பன் எழுந்து இடம் விட்டான்.

"உள்ள வாம்மா" என்றாள் அம்மாக்கண்ணு. உட்கார்ந்த இடத்திலிருந்தே கையை நீட்டிக் காட்டினாள். "அந்த மூலையில தகரத்துல ஓட்டை இருக்கு. தென்மேற்கு மழைன்னா ஒழுகும், வாளி வச்சுக்கோ. இந்தப் பக்கம் தலை வச்சுப் படுங்க. அடுப்பைப் பத்த வைக்கறப்ப கதவைத் தொறந்து வச்சுரு, இல்லைன்னா பொகை பக்கத்துக் காம்பராவுக்குப் போயி சண்டை வரும்."

அந்தப் பெண் ஒவ்வொன்றுக்கும் "சரிங்கக்கா" என்றாள். அந்தப் பையன் ஆண்டியப்பனிடம், கதவுக்குத் தாழ்ப்பாள் இருக்கிறதா என்று கேட்டான்.

"இல்லை" என்றான் ஆண்டியப்பன். "கயிறு போட்டுக் கட்டிக்கலாம். ஒண்ணும் களவு போகாது." அப்படிச் சொல்லிவிட்டு, மிச்ச ரொட்டியைத் தின்ன மறுபடி உட்கார்ந்தான். மஸ்கெலியா பஸ்ஸுக்கு இன்னும் நேரம் இருந்தது.